அசனார் காக்காவின் மூக்கு

ஆளை மோந்து பார்ப்பது அசனாரின் பழக்கம். அதை எப்போதும் ஒரே ஒழுங்கில் செய்வார். மலையடி மருதமரத்தின் கீழே, வந்தவர்களை ஒரு வரிசையில் நிறுத்துவார். தலைத் தொப்பியைக் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஒருவருக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் நின்று, முதலில் அவருடைய இடது தோள், பிறகு வலது தோள், கடைசியாகக் கழுத்துக் குழி என்று மூன்று முறை மூக்கை நீட்டி மெல்ல உள்ளே இழுப்பார். பெண்களென்றால் ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த தூரம், தள்ளி நின்று அதே மூன்று இழுப்பு. பூவையோ பழத்தையோ மோந்து பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அசனார் மூடுவதில்லை. மூன்று இழுப்பும் முடியும்வரை அவருடைய கண் எதிரே நிற்பவரின் முகத்திலேயே இருக்கும். முடிந்ததும் ஒரு சொல் சொல்வார்.

“சட்டப் பையில சுருட்டுக் கிடக்கு. வண்டியில வெச்சிட்டு வாங்க.”

அல்லது, “காதுக்குப் பின்னால என்னமோ பூசியிரிக்கிங்க. அந்தா வாய்க்கால். களிமண் போட்டுக் கழுவிட்டு வாங்க.”

அவர் சொல்லிப் பிழைத்ததில்லை. எட்டு வருடமாக வண்டியோட்டியின் இடத்தில் குந்தியிருந்து இதைப் பார்த்து வந்தவர் கோணாமலை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, அதன் புழுதியிலேயே மாடு ஓட்டிக் காலம் தள்ளியவர். ‘நமக்கும் மூக்கெண்டு ஒண்டு இருக்கு, சோறு அடிப்பிடிச்சா மட்டும் தெரியிற மூக்கு’ என்று தன் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

மோந்து பார்க்க வேண்டியதற்குக் காரணம் தேனீ. கொம்புக்கல் மலை, வாவியின் மேற்குத் துறையிலிருந்து ஏழு மைல் உள்ளே இருக்கிறது. யானைக் கொம்புகள்போல் இரண்டு பாறைகள் காட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். அவற்றின் வயிற்றில் ஐந்து குகைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க உளியால் வெட்டிய நீண்ட காடி. காடியின் கீழே ஊரில் ஒருவராலும் வாசிக்க முடியாத ஒரு வரி எழுத்து. பாறையிலேயே வெட்டிய அறுபத்துமூன்று படிகள், பாறையைக் குடைந்து செய்த ஒரு சுனை, நாலாவது குகையின் தரையில் ஆள் குனிந்து இறங்குகிற ஒரு நிலவறை. படிக்கும் சுனைக்கும் நடுவே, தலைக்கு மேல், ஆளுயரத்துக்கு மலைத்தேனீக்களின் கூடுகளான தேன்வதைகள் பதினொன்று தொங்கும். அவை பேச்சுச் சத்தத்துக்கு அசையா, ஆள் நிழலுக்கும் அசையா. பூசிய மணமும் புகையும் பட்டால் மட்டும் ஒரே கறுப்புத் துணியாய்க் கழன்று விழும்.

ஏறாவூர் அசனார், எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘காக்கா’, அந்த மலையைக் கண்டது துணி விற்கப் போய். இளந்தாரியாய் இருக்கும்போது, காத்தான்குடித் தறியில் நெய்த சாரன்களைத் தோளில் சுமந்துகொண்டு காட்டோரத்து ஊர்களுக்குப் போவார். துணி கொடுத்துத் தேன் வாங்குவார். தேன் வெட்டுகிறவர்களோடு திரிந்துதான் கொம்புக்கல் ஏறினார். பிறகு மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. ரயிலில் வந்து வாடிவீட்டில் தங்கிய ஒரு கிழட்டுத் துரை, பழைய குகை ஏதும் இந்தப் பக்கம் உண்டா என்று கேட்க, வாடிவீட்டுச் சமையற்காரர் அசனாரைக் கைகாட்டிவிட்டார். அது 1929. அன்றோடு துணி மூட்டை இறங்கியது.

அவருக்கென்று சட்டங்கள் இருந்தன. ஒரு நாளில் நாலு பேருக்கு மேல் கூட்டிப்போகமாட்டார், நிலவறை அதற்கு மேல் கொள்ளாது. விடியத் தோணியேறினால் பொழுதுபடுமுன் திரும்பவும் தோணி. மலையேற முன் எல்லோருக்கும் தலையையும் கழுத்தையும் மூட ஒரு வெள்ளைத் துணி. அந்தத் துணிகளைச் சவர்க்காரம் படாமல் அடுப்புச் சாம்பலில் வெளுத்துத் தருவது சித்தி நபீஸா என்ற பெயருடைய அவருடைய மனைவி. 

இன்னொன்று, பொய்க்கதை சொல்லமாட்டார். எந்த ராசா வெட்டினது என்று யாராவது கேட்டால், “ராசா ஆரெண்டு எனக்குத் தெரியா. ஆனா வெட்டினவன் இடக்கையன். உளிக்கொத்து எந்தப் பக்கம் சாய்ஞ்சு கிடக்கெண்டு பாருங்க” என்பார். பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். எதையும் அப்படிப் பார்த்துப் பார்த்தே அறிந்தவர். ஆனால் ஓர் இடத்தில் இருந்து பார்க்கத் தெரியாது. மற்றவர்கள் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தால் இவர் எழும்பிவிடுவார். வண்டிக்கு முன்னால் நடப்பார், திரும்பி வருவார், சாரனை அவிழ்த்துக் கட்டுவார், காற்றைப் பார்ப்பார், முகங்களைப் பார்ப்பார்.

ஒருமுறை வழியில் எருமை ஒன்று செத்து ஊதிக் கிடந்தது. கோணாமலை தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அசனார் அதன் பக்கத்தாலேயே நடந்து போனார்.

“மூக்கப் பொத்துங்க காக்கா. குடல் வெளியில வரும்போல கிடக்கு.”

“அது பாவம் மச்சான். நம்மள என்ன செஞ்சிச்சு?”

“ஒங்கட மூக்கு பூவுக்கும் பவுடருக்கும் மட்டுந்தானா வேல செய்யும்?”

“ஓம். நாத்தத்துக்கு லீவு குடுத்திரிக்கன்.”

கோணாமலை அந்தப் பதிலை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவ்வளவு கூரான மூக்குள்ள மனிதன் சின்ன விசயத்துக்கு முகம் சுழிக்கமாட்டான் என்று அவருக்குப் பெருமை.

1936இல் கரைச்சல் வந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், மலையடியில் ஒரு சுருட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் காலில் போட்ட மேசுக்குள் ஒளித்துக்கொண்டு ஏறி, அசனார் மற்றவர்களுக்குக் காடியைக் காட்டும் நேரம் பார்த்துப் பற்றவைத்தார். உடம்பு வீங்கிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன் பிறகு அரசாங்க அலுவலகமான கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னொருவருக்குக் குத்தினால் கொம்புக்கல் வழியை வேலி போட்டு அடைத்துவிடுவார்கள். அதற்குமுன், வருகிற ஆடியில் கந்தோர் ஐயா ஒருவர் தாமே வந்து ஏறிப் பார்ப்பார்.

கடிதத்தை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார் அசனார். கோணாமலையிடம் ஒருநாள் சொன்னார்: “மறுகாத் துணிமூட்ட தூக்க எனக்கு முழங்கால் இல்ல மச்சான். வீட்டில இரிக்கச் சொன்னா நான் ஒரு மாசத்தில மௌத்தாப் போயிருவன். அந்த மனிசன் ஒரு குத்தும் வாங்காம இறங்கிட்டாரெண்டா, எனக்கு அது போதும்.”

*

1937 ஆடி. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு ஒரு கிழமை இருந்தது. பத்து நாளாகக் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று நிற்காமல் அடித்தது. கச்சான் அடித்தால் படுவான்கரையில் எதுவும் ஒழுங்காய் இராது. வாயெல்லாம் மண், மாடு முரண்டு பிடிக்கும், புருசனும் பெண்சாதியும் காரணமில்லாமல் கத்திக்கொள்வார்கள். கோணாமலை அன்று விடியவே துறைக்கு வந்துவிட்டார். மாடுகள் இரண்டும் நுகத்தில் நிற்க மறுத்துக் காலை மாற்றிக்கொண்டே இருந்தன.

தோணியிலிருந்து முதலில் குதித்தவர் அசனார், கையில் துணி மூட்டை. பின்னால் கந்தோர் ஐயா வினாயகமூர்த்தி. கறுத்த, மெலிந்த, அதிகம் பறையாத மனிதர். அவருடைய மனைவி சீதேவி, அவர் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர். சீதேவியின் தம்பி அழகரத்தினம் புளியந்தீவில் வாத்தியார். குகை எழுத்தைப் பார்த்து எழுதக் கட்டுக் கட்டாய்க் காகிதம் கொண்டுவந்திருந்தார்.

“நீங்கதானா மோந்து பாக்கிற காக்கா?” என்றார் சீதேவி. “டவுனெல்லாம் ஒங்கட கதைதான். என்னை எப்ப மோந்து பாக்கப் போறிங்க?”

“சீதேவி!” என்றார் வினாயகமூர்த்தி.

“மலையடியில அம்மா,” என்றார் அசனார். சிரித்தார்; ஆனால் கை தொப்பிக்குப் போய்க் கடிதத்தைத் தொட்டுவிட்டு வந்தது. கோணாமலை கண்டார்.

கதிர் வெட்டி முடிந்த வயல்வட்டையைக் குறுக்கறுத்து வண்டி போனது. அசனார் வழக்கம்போல மூட்டையை வண்டிக்குள் வைத்துவிட்டு, தான் ஏறாமல் நூறு பாகம் முன்னால் நடந்தார். காற்று எதிரே அடித்ததால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆற்றுத் துறையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இறங்கி, வண்டியின் பின்பக்கமாக வாளியை எடுக்கப் போனபோதுதான் கோணாமலைக்கு அது மூக்கில் பட்டது. கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு மணம். இனிப்பாய், கனமாய், எங்கேயோ முன்பு அறிந்ததாய்.

உள்ளே சீதேவியும் அதைத்தான் பறைந்துகொண்டிருந்தார். “நல்ல வாசமொண்டு வருது. என்ன பூசினீங்க?”

“நான் என்ன பூசிற? நீதான் பூசியிருப்பா.”

“நான் பூசின பவுடர் இப்படி மணக்காது. காக்காட்டக் கேப்பமா?”

“ஒண்டும் கேக்காத,” என்றார் வினாயகமூர்த்தி. “அவர் மோந்து கண்டுபிடிக்கட்டும். அதப் பாக்கத்தானே வந்த.”

கோணாமலை வாளியோடு தண்ணீருக்குள் நின்றார். முன்னால் அக்கரையில் அசனார் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு மாறி மாறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? ஐயா சோதனை வைத்திருக்கிறார் என்றா? அவர்தான் மலையடியில் மோந்து பார்க்கப் போகிறாரே. கோணாமலை ஒன்றும் சொல்லாமல் மாட்டைத் தட்டினார். ஆனால் அந்த மணம் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை சும்மா கிடந்த மாட்டை அடித்தார்.

மருதமரத்தடியில் வரிசை நின்றது. அசனார் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கினார். அழகரத்தினத்திடம் மூன்று இழுப்பு. “வாத்தியார், தலையெண்ண கடைச் சாமான். வீட்டெண்ண இல்ல.” வாத்தியார் காது சிவந்து வாய்க்காலுக்குப் போனார். சீதேவிக்கு முன்னால், ஒரு பாகம் தள்ளி, மூன்று இழுப்பு. “பவுடர், அம்மா. மறுகா, கொண்டைக்குள்ள மல்லிகை. கிள்ளி ஒளிச்சிரிக்கிங்க.”

“ஐயோ, மனிசன் பேய்!” என்று சீதேவி கொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வினாயகமூர்த்தியின் முன்னால் அசனார் நெடுநேரம் நின்றார். ஐயாவின் முகம் கல்லாய் இருந்தது. “நீங்க ஒண்டும் பூசல்ல,” என்றார் அசனார்.

“இல்லத்தான்,” என்றார் ஐயா. முதன்முறையாகக் கொஞ்சம் சிரித்தார். “மூக்கு மூக்குத்தான்.”

கழுவ வேண்டியவர்கள் கழுவி வந்தார்கள். அசனார் மூட்டையை அவிழ்த்தார். கோணாமலை மூன்று பாகம் தள்ளி நின்றார். அங்கேயும் வந்து மோதியது அந்த மணம். வண்டிக்குள் மணத்தது சீதேவியும் அல்ல, ஐயாவும் அல்ல. துணிகள். அசனாரின் கையாலேயே ஒவ்வொரு தலைக்கும் ஏறிய துணிகள். சீதேவி தம்பியின் காதுக்குள், “துணியில ஏதோ மருந்து போட்டிருக்கார்போல. தேனீ கிட்ட வராது” என்றது கோணாமலைக்குக் கேட்டது.

மருந்தாய் இருக்குமோ? எட்டு வருடத்தில் இல்லாத மருந்தா? ஆனாலும் இன்றைக்கு எட்டு வருடத்தில் இல்லாத நாள். அந்த மூக்குக்குத் தெரியாமல் அந்தக் கையில் ஒன்று இருக்குமா? கோணாமலையின் வாய் தானாகத் திறந்தது.

“என்ன மச்சான், வாயத் திறந்துட்டு நிக்கிறா? ஈ போயிரும்,” என்றார் அசனார். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால், ஐயாவுக்கு முன்னால், ‘காக்கா, ஒங்கட துணி மணக்குது’ என்று எப்படிச் சொல்வது? கோணாமலை வாயை மூடிக்கொண்டார். அவர்கள் படியேறினார்கள்.

தனிமையில் அவரால் இருக்க முடியவில்லை. வெற்றிலை மடித்தார், மென்றார், துப்பினார், இன்னொன்று மடித்தார். மாடுகள் தும்பை இழுத்தன. கச்சான் சட்டென்று விழுந்தது. பத்து நாள் இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி காதை அடைத்தது. மேலே பாறையிடுக்கில் இனி மணம் எங்கேயும் அள்ளிப்போகாது, அங்கேயே நிற்கும்.

வண்டிக்குள் ஏறினார். மூட்டையில் எப்போதும் ஆறு துணி இருக்கும். மேலே போனது நாலு. மிச்சம் இரண்டு அங்கே கிடந்தது. ஒன்றை எடுத்து உதறினார். முனையில் ஒரு சின்ன முடிச்சு. பல்லால் அவிழ்த்தார். உள்ளே கடலையளவு பஞ்சு, மஞ்சளாய், எண்ணெய்ப் பிசுக்காய்.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் அசனாரின் மகள் பரீனாவின் கலியாணம். காத்தான்குடி மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரின் புறங்கையிலும் தடவிவிட்ட அத்தர். கோணாமலையின் கையிலும் தடவினார்கள். இரண்டு நாள் சோறு தின்னும்போதெல்லாம் மணத்தது. சித்தி நபீஸா தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு ஓட்டமாவடி போய் ஒரு கிழமை. துணி வெளுத்தது மகள். பெரிய மனிதர் வருகிறார் என்று, விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையைச் செய்திருக்கிறாள்.

தன்னை அறியாமலே மாட்டைத் தும்பிலிருந்து அவிழ்த்துவிட்டார். காட்டில் எந்த வண்டிக்காரனும் செய்யாத வேலை அது. அறுபத்துமூன்று படியையும் அவர் ஓடி ஏறினார்.

மூன்றாவது குகை வாசலில் அசனார் உளிக்கொத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் முழங்காலில் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சீதேவி தலைத்துணியின் தலைப்பை மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றார். மேலே வதைகளின் இரைச்சல் தடித்திருந்தது. முதலாவது வதையின் தோல் ஒருமுறை மேலிருந்து கீழே சிலிர்த்தது.

கோணாமலை அசனாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “காக்கா… துணி. துணியில அத்தர். பரீனாட கலியாண அத்தர்.”

அசனார் தன் தலைத்துணியை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. கோணாமலையின் முகத்தைப் பார்த்தார். மூச்சு விடுகிற நேரந்தான். பிறகு அவருடைய கை பறந்தது. சீதேவியின் தலையிலிருந்து, ஐயாவின் தலையிலிருந்து, வாத்தியாரின் கழுத்திலிருந்து, தன் தலையிலிருந்து, நாலு துணியையும் உருவி நெஞ்சோடு சுருட்டினார்.

“நிலவறைக்குள்ள கூட்டிட்டுப் போ. ஆரும் ஓடப்படா. நட.”

“நீங்க?”

“போடா எண்டன்!”

கோணாமலை மூவரையும் நாலாவது குகைக்குள் தள்ளி, குனிய வைத்து, நிலவறைக்குள் இறக்கினார். கடைசியாய்த் தான் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். வெயிலில் வெறும் பாறைமேல், துணிச்சுருளை அணைத்துக்கொண்டு, முழங்கால் இல்லை என்று சொன்ன மனிதர் சுனையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து கறுப்பாய் ஒன்று கழன்றது.

உள்ளே இருட்டு. வௌவால் எச்சத்தின் காட்டம். ஆளோடு ஆள் ஒட்டி நின்றார்கள். இரைச்சல் தலைக்கு மேலாய்ப் போய், தூரமாகி, ஓரிடத்தில் நின்று கொதித்தது. ஐயா இருந்திருந்துவிட்டு இருட்டுக்குள், “அந்த மனிசன் எங்க?” என்றார். மறுபடியும் கேட்டார்.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தபோது அசனார் சுனைக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். துணிகள் மறுகரையில் மிதந்தன. அவற்றின்மேல் இன்னும் ஈ மொய்த்தது. முகம் முகமாய் இல்லை. கண் இரண்டும் மூடிவிட்டிருந்தன. “ஐயாவுக்குக் குத்தினதா?” என்பதுதான் முதல் கேள்வி.

“இல்ல காக்கா. ஒருத்தருக்கும் இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். அதன் பிறகு நினைவில்லை.

அவரைத் தூக்கி இறக்கினால் வண்டி நின்றது, மாடு இல்லை. ஆற்றுத் துறைவரைக்கும் தேடிப்போய்ப் பிடித்து வர வேண்டியிருந்தது. வாவிக்கரைக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் அசனாருக்கு நினைவு வந்தது. வினாயகமூர்த்தி குனிந்து கேட்டார்: “எங்கள எல்லாம் மோந்து பாத்திங்க. கையில இருந்த துணி எப்படித் தெரியாமப் போச்சு?”

வீங்கிய உதட்டால் அசனார் சொன்னார்: “என்ட பிழதான் ஐயா. நான் கவனிக்கல்ல.” மகளின் பெயரை எடுக்கவில்லை. கோணாமலையும் எடுக்கவில்லை. காலையிலேயே தனக்கு மணத்தது என்றும் கோணாமலை சொல்லவில்லை.

இருபது நாள் கழித்துக் கந்தோரிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. வழியை அடைக்கவில்லை. இனிமேல் மலையடியில் ஆட்களையும் சாமான்களையும் ஒருவர் அல்ல, இரண்டு பேர் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். வாத்தியார் வாசித்துக் காட்டியபோது அசனார் கண்ணீர் விட்டார். பிறகு ஒருவரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: “ரெண்டு பேர் வேணாம். கோணாமல ஒராள் போதும். இனி அவன் மோந்து பாக்கட்டும்.”

“எனக்கென்ன தெரியும் காக்கா? ஒங்கட மூக்கு எங்க, என்ட மூக்கு எங்க?”

“ஒனக்குத்தான் மச்சான் தெரிஞ்ச. எனக்குத் தெரியல்ல.”

அன்றிலிருந்து மருதமரத்தடியில் கோணாமலை மோந்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஆட்களை மேலே கூட்டிப்போய்க் குகை காட்டுவதை மட்டும் அசனார் விடவில்லை. உலகச் சண்டை தொடங்கி ரயிலில் பட்டாளம் மட்டும் வரத் தொடங்கிய வருடம் வரைக்கும் அது நடந்தது. பிறகு ஒருவரும் வரவில்லை. அசனார் வீட்டுக்கும் சந்திக்கும் நடுவே நாள் முழுக்க நடந்து திரிந்தார். 1944இல் மௌத்தானார்.

கோணாமலைக்கு ஒரு முள் போகவில்லை. ஆற்றுத் துறையில் ஏன் வாயைத் திறக்கவில்லை? மருதமரத்தடியில் ஏன் மூடினேன்? பரீனாவும் அப்படித்தான் அழுதாளாம்: “வாப்பா மூட்டையத் தூக்கக்குள்ள மோந்து பாத்திருப்பாருதானே, புடிக்காட்டிச் சொல்லுவாரெண்டு நெனச்சன்.” சொன்னால் அந்த மூக்குக்கு அவமரியாதை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். தன்னுடைய பேசாமையால்தான் அந்த மூக்கு தன்மேலேயே நம்பிக்கை இழந்தது என்று கோணாமலை இன்றைக்கும் சொல்கிறார். சொல்லும்போது எழும்பி நின்றுவிடுகிறார்.

இதுவரை எழுதியது அவர் சொன்னது. இனி வருவது அவருக்குத் தெரியாது. அசனார் மௌத்தாகி ஒரு வருடம் கழித்து, ஏறாவூரில், ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து சித்தி நபீஸா என்னிடம் சொன்னது:

“மூக்கா? அவருக்கு எங்க மணம் தெரிஞ்ச? பரீனா என்ட வயித்தில இரிக்கக்குள்ள, பதினெட்டாம் ஆண்டு, ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் அடிச்ச. அதில எழும்பினவருக்கு அண்டையிலிருந்து பூவும் ஒண்டு, பீயும் ஒண்டு. கருவாடு அடுப்பில கரிஞ்சாலும் தெரியா. அப்ப தேன் யாவாரம். மணம் தெரியாதெண்டு அறிஞ்சா காட்டுக்காரனுகள் சீனிப்பாணியக் கலந்து தருவானுகளெண்டு, ஆருக்கும் சொல்லப்படா எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கின. பெத்த புள்ளைக்கும் சொல்லல்ல. போத்தல மூக்குக்கிட்டப் புடிச்சிட்டு, விக்கிறவன்ட முகத்தப் பாப்பாரு. கலந்தவன் தாங்கமாட்டான், கண்ண எடுத்துருவான். அதத்தான் மறுகா மலையிலயும் செஞ்ச, ஒளிச்சவன்ட கண்ணும் கையும் எங்க போகுதெண்டு பாத்து.

“குத்து வாங்கி வந்து கிடக்கக்குள்ள என்னட்டச் சொன்னாரு: மனிசனெண்டா முகத்தில காட்டிருவான் நபீஸா, துணி எங்க காட்டும்?”